கூட்டுப் பறவையும் நம் கடமையும்

மாத்தளை மாவட்டத்து எல்கடுவ, நக்கிள்ஸ் மலைத்தொடரை அடுத்த தேயிலைச் சாரல். மூடுபனியும் ஈரக்காற்றும் அவ்வூருக்குப் புதியன அல்ல. ஆனால் அங்குள்ள விறாந்தைக் கூடுகளில் கொஞ்சிக் குலவும் 'லவ் பேர்ட்ஸ்' பறவைகளுக்கு அவை புதியன.

அப்பெயரால் நாம் அழைப்பவை இரு வகையின. ஒன்று, அவுஸ்திரேலியாவின் வறண்ட புல்வெளிகளில் திரளாக வாழும் பட்ஜெரிகார். 1840ஆம் ஆண்டில் ஜோன் கூல்ட் என்னும் பறவையியலாளர் அவற்றை உயிருடன் இங்கிலாந்துக்குக் கொண்டுசென்றார். மற்றையது, ஆபிரிக்காவுக்கும் மடகஸ்காருக்கும் உரிய, குறுவால் கொண்ட சிறு கிளியினம். அதில் 9 வகைகள் உண்டு. இவ்விரண்டையும் ஒரே கூட்டில் அடைத்தல் தகாது. ஆபிரிக்கக் கிளி சினமுற்றால், மற்றதன் கால் விரல்களைக் கடித்துக் குதறிவிடும்.

கூட்டை ஈரக்காற்று நேரே தாக்காத, வெளிச்சமுள்ள இடத்தில் வையுங்கள். விறகுப் புகை சூழும் அடுக்களை அதற்கு ஆகாது. உணவு ஒட்டாத பூச்சிட்ட தாச்சி அளவுமீறிச் சூடானால் எழும் ஆவி, சில நிமிடங்களிலேயே பறவையைக் கொல்ல வல்லது. தினையோடு கீரையும் கணவாய் ஓடும் கொடுங்கள். மலைநாட்டில் தாராளமாய்க் கிடைக்கும் பட்டர் புரூட் இவற்றுக்கு நஞ்சு. அதை அறவே விலக்குங்கள்.

இனி, விளையாட்டு. பிள்ளைகள் பறவையைக் கைக்குள் இறுகப் பிடிக்கின்றனர். பற்றிப் பிடிக்கும் கை, அதற்குப் பருந்தின் கால் போன்றதே. தினைக் கதிர் ஒன்றை ஏந்தி, கையை அசைக்காமல் வைத்திருங்கள். நாட்கள் பல ஆகலாம். அது தானே வந்தமரும். வெளியே விடுமுன் சன்னல்களைச் சாத்துங்கள், மின்விசிறியை நிறுத்துங்கள், நீர் வாளியை மூடுங்கள். ஒரு துண்டு வெற்றுத்தாளையும் கொடுத்துப் பாருங்கள். செம்முகக் கிளியின் பேடு அதை நாடாவாகக் கிழித்து, தன் முதுகின் கீழ்ப்புற இறகுகளுக்கிடையே செருகிக்கொள்ளும். காட்டில் அது கூட்டுக்குப் பொருள் சுமக்கும் முறை அதுவே.

நோயுற்ற பறவை தன் நோயை மறைக்கும். இறகைச் சிலிர்த்துக் கூட்டின் அடியில் அது ஒடுங்கும்போது, நோய் முற்றியிருக்கலாம். ஆதலின் நாள்தோறும் அதை உற்றுநோக்குங்கள். சிறு மாற்றம் கண்டாலும் மிருக வைத்தியரை நாடுங்கள்.

சலிப்புற்ற சிலர், புண்ணியமென்று கருதிக் கூட்டைத் திறந்துவிடுகின்றனர். இலங்கைக்கே உரிய, தலைகீழாகத் தொங்கித் துயிலும் சிறுகிளிக்கு இந்தக் காடு தாயகம். கூட்டிற் பிறந்த அயல்நாட்டுப் பறவைக்கோ இங்கே இரை தேடவும் தெரியாது; வல்லூறுக்குத் தப்பவும் தெரியாது. திறந்த அக்கதவு அதற்கு விடுதலை ஆகாது.

ஆபிரிக்கக் கிளி 10 ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடும். ஆறாம் வகுப்பிற் பிள்ளை கேட்டு வாங்கும் பறவை, அவன் பள்ளியை விட்டு நீங்கிய பின்னும் கூட்டில் இருக்கும். வாங்குமுன் அந்த ஆண்டுகளை எண்ணிப் பாருங்கள். எண்ணிய பின்னும் மனம் ஒப்பினால், மகிழ்வோடு வளருங்கள்.