மார்புப் புற்றும் பத்தியப் புரட்டும்



இன்று நாம் பேச எடுத்துக் கொண்டது ஒரு வியாதியைப் பற்றி. இதை வைத்தியர் பேசட்டுமே, இவர்களுக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். நாம் வைத்தியர் அல்ல, வாஸ்தவம். ஆனால் மனிதனுடைய பயத்தை முதலாக வைத்து எங்கே பிழைப்பு நடக்கின்றதோ, அங்கே பேசுவது நம்முடைய வேலையேயாகும். மார்புப் புற்று முற்றிய பெண்களின் சோற்றுத் தட்டின் மேல் இன்று அப்பேர்ப்பட்ட பிழைப்பு ஒன்று நடக்கின்றது.

சில மாதங்களுக்கு முன் நமக்குத் தெரிந்த ஒரு வீட்டிற்குப் போயிருந்தோம். வீட்டு அம்மாளுக்கு ஐம்பது வயதுக்குள்தான் இருக்கும். மார்பில் உண்டான புற்று எலும்பு வரை பரவிவிட்டது. ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்து வந்தார்கள். இதற்கிடையில் யாரோ ஒரு "இயற்கை வைத்தியர்" சொன்னாரென்று வீட்டார் சோற்றை நிறுத்தினார்கள். பால், முட்டை, கறி, மீன் எல்லாவற்றையும் நிறுத்தினார்கள். காய்ச்சாறும் மஞ்சள் தண்ணீருமே ஆகாரம். இரண்டு மாதத்தில் அந்தம்மாளுக்கு எழுந்து நடக்க வலுவில்லை. உடம்பு தாங்காதென்று ஆஸ்பத்திரியிலும் மருந்தைத் தள்ளி வைத்தார்கள். அந்தம்மாள் நம்மைப் பார்த்து, "ஆசைப்பட்டு ஒரு லட்டு தின்றுவிட்டேன்; அதனால்தான் பரவிவிட்டதோ?" என்று கேட்டார். தோழர்களே! அந்தக் கேள்விக்குப் பதில்தான் இந்தப் பேச்சு.

சர்க்கரையை நிறுத்தினால் புற்று பட்டினி கிடந்து செத்துப் போகும் என்கின்றார்கள். புற்றணுக்கள் குளுகோஸை அதிகமாகத் தின்பது மெய்தான். ஜெர்மனியில் ஆட்டோ வார்பர்க் என்ற விஞ்ஞானி 1920களிலேயே இதைக் கண்டு சொன்னார். ஆனால் நமது மூளையும் இரத்த அணுக்களுங்கூட அந்தக் குளுகோஸைக் கொண்டே பிழைக்கின்றன. ஆதலால் நாம் தின்னாவிட்டாலும், தசையைக் கரைத்தாவது கல்லீரல் அதை உண்டாக்கி இரத்தத்தில் விட்டுக் கொண்டேயிருக்கும். அப்படியானால் பட்டினி கிடப்பது யார்? புற்றா, பெண்ணா?

சாறு வைத்தியமும் புதியதல்ல. மாக்ஸ் கெர்சன் என்ற ஜெர்மன் வைத்தியர் அமெரிக்காவுக்குப் போய், மணிக்கொரு தரம் பழச்சாறு, காய்ச்சாறு, அதோடு காப்பி எனிமா என்று புற்றுக்கு வைத்தியம் செய்தார். அந்நாட்டு தேசியப் புற்றுநோய் நிலையம் 1947-இல் அவருடைய நோயாளிகள் 10 பேரின் விவரத்தையும், 1959-இல் 50 பேரின் விவரத்தையும் பரிசோதித்தது. பலன் உண்டென்பதற்கு ருஜு கிடைக்கவில்லை. இன்றும் அந்தச் சரக்கு வேறு வேறு பெயரில் விலை போகின்றது!

நாம் ஒருதலையாகப் பேசவில்லை. ஆகாரத்தை விஞ்ஞானிகள் அலட்சியம் செய்துவிடவில்லை. ஆரம்ப நிலையில் மார்புப் புற்றுக்கு வைத்தியம் முடித்த 3,088 பெண்களை அமெரிக்காவில் இரு பகுதியாகப் பிரித்து, ஒரு பகுதியாருக்குக் காய் கனிகளை ஏராளமாகவும் கொழுப்பைக் குறைவாகவும் கொடுத்து, சுமார் ஏழு வருஷம் கவனித்தார்கள். 2007-இல் வெளியான முடிவு என்ன? நோய் திரும்பி வந்தது இரு பகுதியிலும் ஏறக்குறைய ஒரே அளவுதான். கொழுப்பை மட்டும் குறைத்துப் பார்த்த வேறொரு சோதனையில் கொஞ்சம் பலன் தென்பட்டதாக 2006-இல் சொன்னார்கள். அதுவும் ஆரம்ப நிலைக்காரர்களிடத்தில், முறையான வைத்தியத்தோடு சேர்த்து. பரவிவிட்ட புற்றைத் தீர்த்து வைத்ததாக ருஜுவான பத்தியம் உலகத்தில் ஒன்றுகூட இல்லை.

மருந்தும் முற்றிய நோயை அடியோடு தீர்த்துவிடுவதாக யோக்கியமான வைத்தியர் யாரும் சொல்லுவதில்லை. ஆயுளை நீட்டலாம், வலியைக் குறைக்கலாம் என்றே சொல்லுகின்றார்கள். அதை விட்டவர்கள் கதி என்ன? அமெரிக்காவில் யேல் சர்வகலாசாலையார் 2018-இல் வெளியிட்ட கணக்கைப் பாருங்கள். தூரத்து உறுப்புகளுக்குப் பரவாத மார்புப் புற்று உள்ளவர்களில், முறையான வைத்தியத்தைத் தள்ளி மாற்று வைத்தியத்தை மாத்திரம் நம்பியவர்களுக்குச் சாவு அபாயம் ஐந்து மடங்குக்கு மேல்!

அப்படியானால் ஆகாரத்திற்கு வேலையே இல்லையா? நிறைய உண்டு. நோயைக் கொல்வது அதன் வேலையல்ல. நோயாளியை நிறுத்தி வைப்பதுதான் அதன் வேலை. எடை ஒன்றுக்குக் கிலோவுக்கு 25 முதல் 30 கலோரியும், 1 முதல் 1.5 கிராம் வரை புரதமும் தினம் வேண்டுமென்பது ஐரோப்பிய ஆகார நிபுணர்கள் புற்றுநோயாளிகளுக்குச் சொல்லும் அளவு. 50 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு 50 முதல் 75 கிராம் புரதம். ஒரு முட்டையில் இருப்பதோ சுமார் 6 கிராம். பருப்பு, மீன், கோழி, தயிர், கடலை எது இறங்குகின்றதோ அதைக் கொடுங்கள். வாய் புண்ணாயிருந்தால் குழையச் செய்து கொடுங்கள். குமட்டினால் கொஞ்சங் கொஞ்சமாகப் பல தடவை கொடுங்கள். முட்டையும் கறியும் நன்றாக வெந்திருக்கட்டும். நீரிழிவோ சிறுநீரக வியாதியோ இருந்தால் அளவை வைத்தியரிடம் கேளுங்கள். மூலிகைச் சூரணம் எது தின்றாலும் அவரிடம் மறைக்காதீர்கள். கிரேப்புரூட் என்ற பழங்கூடச் சில புற்று மருந்துகளின் அளவை இரத்தத்தில் ஏற்றிவிடும்.

இன்னொரு சங்கதி. முன்பு வியாதி வந்தால் "உன் பூர்வ ஜென்மக் கர்மம்" என்றார்கள். இப்போது "நீ தின்ற தீனி" என்கின்றார்கள். வேஷம் மாறிற்றேயொழிய, இரண்டிலும் குற்றவாளி நோயாளிதானே? மதுவும், மாதவிடாய் நின்ற பின் உடல் பருமனும் இந்நோய் வரும் அபாயத்தைக் கூட்டும் என்பது உண்மை. அதற்காக, வந்த நோய் ஒரு லட்டுவால் பரவிற்று என்பது என்ன நியாயம்?

நம் வீட்டுப் பெண்கள் ஆயுள் முழுவதும் யாருக்குப் பின் சாப்பிட்டார்கள் என்று யோசித்துப் பாருங்கள். புருஷனும் பிள்ளைகளும் தின்ற மிச்சம் அவளுக்கு. வெள்ளிக்கிழமை விரதம், கிருத்திகை விரதம் அவளுக்கு. கடைசி வியாதியிலும் பட்டினி அவளுக்குத்தானா?

அந்தம்மாளுக்கு நாம் சொன்ன பதில் இதுதான்: "அம்மா, லட்டுவால் ஒன்றும் பரவவில்லை. நீங்கள் ஒரு தப்பும் செய்யவில்லை. பசிக்கிறதைத் தின்னுங்கள், மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போங்கள்." அவர் அழுதார். அன்று இரவு அந்த வீட்டில் மீன் குழம்பு வைத்தார்கள்.

தோழர்களே! நாம் சொன்னோம் என்பதற்காக இதையும் நம்பிவிட வேண்டாம். ஆஸ்பத்திரியில் கேட்டு, உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டால் செய்யுங்கள். பத்தியம் சொல்ல வருகிறவரையும் அப்படியே கேளுங்கள்: எத்தனை பேருக்குக் கொடுத்தீர், எத்தனை பேர் பிழைத்தார்கள், பரிசோதித்தவர் யார்? பதில் சொல்ல முடியாதவரை வாசலோடு அனுப்பிவிட்டு, அந்தம்மாளுக்கு முதல் தட்டில் சோறு போடுங்கள் என்று கேட்டுக் கொண்டு இவ்வளவோடு முடித்துக் கொள்ளுகின்றோம்.