உலை எரிந்த ஊர்



சாப்பாட்டுக்கு முன்னால் மைக்கைப் பிடித்தவன் வளர்த்தக் கூடாது. அதனால் ஒரே ஊரைப் பற்றிச் சொல்கிறேன். ஈரோடு மாவட்டத்தில், சென்னிமலைக்கு மேற்கே நொய்யலின் வடகரையில் இருக்கிற கொடுமணல். பதிற்றுப்பத்தில் கபிலரும் அரிசில்கிழாரும் குறிப்பிடும் கொடுமணம் இதுதான் என்பது அறிஞர் கருத்து.

சிவகளையில் கிடைத்த இரும்புக்கு 5300 ஆண்டு வயது என்று 2025 ஜனவரியில் அரசு அறிவித்ததிலிருந்து எல்லாரும் வயதைப் பற்றியே பேசுகிறோம். பேச வேண்டியதுதான். ஆனால் வேலை நடந்த பட்டறையைப் பார்க்க வேண்டுமானால் கொடுமணல்தான். 1985-இல் தொடங்கித் தமிழ்ப் பல்கலைக்கழகம் நடத்திய அகழாய்வில் இரும்பு உருக்கிய உலையும், எஃகு செய்த உலையும் தனித்தனியே வெளிப்பட்டன. இரும்பையும் கரியேற்றும் பொருளையும் மண் மூசைக்குள் அடைத்து, வாயைப் பூசி, துருத்தி ஊதிச் சூடேற்றினால் கரி உள்ளே ஏறி இரும்பு எஃகாகிறது. நம் உலோகவியல் வகுப்பில் கரும்பலகையில் படித்ததை அந்த ஊர்க்காரர்கள் இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே கையால் செய்திருக்கிறார்கள்! கல்மணி வேலையும் அங்கேயே. பச்சைக்கல்லுக்குப் படியூர் பக்கத்தில்தான் இருக்கிறது.

இவ்வளவும் சொல்லி மைத்துனரைக் கூட்டிப்போனேன். "ஏனுங்க மாமா, இந்தக் காட்டைப் பாக்கவா இவ்ளோ தூரம்?" என்றார். அவர் கேட்டதில் தப்பில்லை. ஆய்வு முடிந்தால் குழியை மூடிவிடுவது வழக்கம்; அது பாதுகாப்பும்கூட. மிச்சம் சில கல்வட்டங்கள், அதிலும் பல உழவில் போய்விட்டன. போதாததற்குப் பக்கத்தில் ஒரத்துப்பாளையம் அணை. 1992-இல் பாசனத்துக்குக் கட்டியது, சாயத்தண்ணீர் தேங்கி நின்றது.

சுற்றுலா என்றதும் அலங்கார வளைவும் வண்ண விளக்கும் வைத்துவிடுவார்கள், அது வேண்டாமே. அதே அளவில் ஒரு மாதிரி உலை, மேலே ஒரு ஓலைக்கூரை, விளக்கிச் சொல்ல அந்த ஊர்ப் பிள்ளைகள் இருவர். உலையை நம் உலோகவியல் மாணவர்களே கட்டலாம். செலவைச் சங்கம் ஏற்கட்டும் என்று கேட்கிறேன்.

முதலில் இடத்தைப் பார்த்துவர ஒரு வேன் பிடிக்கலாம். வருகிறவர்கள் தேநீர் வேளையில் பெயர் கொடுங்கள். ஓட்டுச்சில் ஒன்றுகூடப் பையில் போடக் கூடாது. குடையும் குடிதண்ணீரும் அவரவர் கொண்டுவர வேண்டும். நொய்யலை நம்பி யாரும் வந்துவிடாதீர்கள்.