பிள்ளை பிடிப்போரும் துப்பறிவோரும்



காணாமற்போகும் குழந்தைகளைப் பற்றியும், அவர்களைத் தேடுவதாகச் சொல்லிக்கொண்டு ஜனங்கள் செய்யும் காரியங்களைப் பற்றியும் பேசும்படி நம்மைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். நாம் சொல்கிறோம் என்பதற்காக எதையும் ஒப்புக்கொள்ள வேண்டாம். உங்கள் அறிவைக் கொண்டு ஆராய்ந்து, சரியென்று பட்டால் மாத்திரம் ஏற்றுக்கொள்ளுங்கள்.

முன்பெல்லாம் பிள்ளையைக் காணோம் என்றால் மை போட்டுப் பார்க்கிறவனிடம் ஓடுவார்கள். அவன் வெற்றிலையில் மையைத் தடவி, "தெற்குத் திக்கில் ஒரு கறுத்த ஆள் பிடித்துக்கொண்டு போகிறான்" என்பான். தெற்கே போனால் ஒரு கறுத்த ஆள் அகப்படாமலா போவான்? அகப்பட்டவன் உதைபடுவான், மைக்காரன் தட்சணையோடு நடையைக் கட்டுவான். இன்று வெற்றிலைக்குப் பதில் கைப்பேசி. மைக்குப் பதில் வாட்ஸ்அப் செய்தி. கருவி மாறிற்றே ஒழிய புத்தி மாறிற்றா என்பதுதான் நமது கேள்வி.

2018-ல் நடந்ததைப் பாருங்கள். வடக்கேயிருந்து பிள்ளை பிடிக்கும் கூட்டம் வந்து இறங்கிவிட்டது என்று கைப்பேசிக்குக் கைப்பேசி செய்தி பறந்தது. அவ்வருஷம் மே மாதம் 9-ந் தேதி, திருவண்ணாமலை ஜில்லாவில் போளூருக்குப் பக்கத்தில், குலதெய்வம் கும்பிடக் காரில் போன ஒரு குடும்பத்தார் வழி கேட்க நின்றார்கள். அவர்களில் 65 வயதுள்ள ஓர் அம்மாள் அங்கிருந்த குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். குற்றம் அவ்வளவுதான். கூட்டம் கூடிற்று, அடி விழுந்தது, அந்த அம்மாள் உயிரை விட்டார், உடன் வந்தவர்கள் படுகாயம் அடைந்தார்கள். அதே மாதத்தில் பழவேற்காட்டில் ஒரு மனிதரை அடித்துக் கொன்று பாலத்தில் தொங்கவிட்டார்கள். ஜூலை 1-ந் தேதி மராட்டியத்தில் துலே ஜில்லா ரெயின்பாடா கிராமத்தில், ஊர் ஊராய்ச் சுற்றிப் பிச்சையெடுத்துப் பிழைக்கும் வகுப்பைச் சேர்ந்த 5 பேரைப் பஞ்சாயத்து அலுவலகத்தில் அடைத்துவைத்துக் கொன்றார்கள். இவர்களில் எவரிடமாவது திருட்டுப்போன குழந்தை ஒன்றாவது இருந்ததா? இல்லவே இல்லை.

"படத்தைக் கண்ணால் கண்டோமே" என்பார்கள். எந்தப் படம்? மோட்டார் சைக்கிளில் வந்த இருவர் தெருவில் விளையாடும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகும் படம். அது பாகிஸ்தானில் கராச்சி நகரத்தில், காணாமற்போகும் குழந்தைகளுக்காகப் பாடுபடும் ஒரு சங்கத்தார் பெற்றோருக்கு எச்சரிக்கையாக எடுத்த நடிப்பு. முடிவில் அந்த ஆட்களே பிள்ளையைத் திரும்பக் கொண்டுவந்து விட்டு, எச்சரிக்கை எழுதிய அட்டையைக் காட்டுவார்கள். அந்த முடிவை எவனோ வெட்டி எறிந்துவிட்டு மீதியை அனுப்பினான். கண்ணால் கண்டதும் பொய்யாகும் என்பதற்கு இதைவிட ருஜு வேண்டுமா?

"பெற்ற வயிறு பதறாதா?" என்று தாய்மார்கள் கேட்கலாம். பதறத்தான் செய்யும். குழந்தைகள் காணாமற்போவதும் வாஸ்தவமே. ஆனால் ஊரார் பாஷை தெரியாதவனையும், பிச்சைக்காரனையும், சித்த சுவாதீனமில்லாதவனையும் உதைத்துக்கொண்டிருக்கும் நேரத்தில், காணாமற்போன பிள்ளையைத் தேடுவது யார்? மை போட்டுப் பார்த்த நேரமும், வதந்தி பரப்பிய நேரமும் அந்தக் குழந்தையினிடமிருந்து திருடிய நேரம் அல்லவா?

செய்ய வேண்டியது என்ன? குழந்தையைக் காணோம் என்று புகார் கொடுத்தால், ஆள் கடத்தல் என்றே முதலில் எண்ணிப் போலீசார் கட்டாயம் வழக்குப் பதிவு செய்ய வேண்டும் என்று 2013-ல் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டிருக்கிறது. "தானாக வந்துவிடும், நாளைக்கு வா" என்று ஸ்டேஷனில் சொன்னால் அந்த உத்தரவைக் காட்டிக் கேளுங்கள். 1098 என்ற எண்ணுக்கு இரவு பகல் எந்நேரமும் பேசலாம். தெருவில் காட்டும் வீரத்தை ஸ்டேஷன் வாசலில் காட்டினால் பிள்ளைக்கு நன்மை உண்டு.

2018 ஜூலையில் வாட்ஸ்அப் கம்பெனியார், ஒரு செய்தியை ஒரே தடவையில் ஐந்து இடங்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி நம் நாட்டில் தடை வைத்தார்கள். நல்லதுதான். ஆனாலும் ஐந்து இடத்துக்குப் போகும் பொய்யும் பொய்தானே! கம்பெனிக்காரன் போடும் பூட்டு கைப்பேசிக்குத்தான். புத்திக்குக் காவல் நாம்தான் போட வேண்டும்.

ஆகவே, தோழர்களே! இனி இப்படி ஒரு செய்தி வந்தால் யார் கண்டது, எந்த ஊர், எந்தத் தேதி என்று மூன்று கேள்விகள் கேளுங்கள். பதில் இல்லையானால் அது உங்களோடு நிற்கட்டும். அதனால் ஒரு குழந்தையும் கெட்டுப்போகாது. ஒரு மனிதனாவது பிழைப்பான்.