பட்சண ரூபத்தில் கஞ்சா

(பெசன்ட் நகரில் கூடிய நமது சங்கத்துக் குடும்பக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் கலியாணச் செலவோ கல்வி நிதியோ அன்று; அடுக்களையைச் சேர்ந்தது. கஞ்சாவைப் புகைப்பதுதான் கெடுதி, அதை வீட்டிலேயே நெய்யிலிட்டுக் கேக்காகவோ சாக்கலேட்டாகவோ செய்து தின்பது சாதுவான காரியம் என்றோர் எண்ணம் வாலிபர் சிலரிடையே உலவுகிறது. புகையில்லை, நாற்றமில்லை, பாட்டன் காலத்து லேகியம் போன்றதுதானே என்கிறார்கள். இவ்வெண்ணம் தேக விஷயத்திலும் சட்ட விஷயத்திலும் முற்றும் தலைகீழானது என்பதே நாம் சொல்ல வந்தது.

கஞ்சா நம் தேசத்துக்குப் புதிதன்று. சித்த வைத்தியர்கள் அதைச் சில லேகியங்களிற் சேர்த்ததுண்டு. வடதேசத்தார் ஹோலிப் பண்டிகையில் பாங்கை அரைத்துப் பாலிற் கலந்து பருகுவர். 1893-ல் ஆங்கில அரசாங்கம் நியமித்த இந்தியக் கஞ்சா விசாரணைக் கமிஷன் ஆயிரத்துக்கும் அதிகமான சாட்சிகளிடம் வாக்குமூலம் வாங்கி, மிதமாக உபயோகிப்போருக்குப் பெருந்தீங்கில்லை, மிஞ்சினால் தீங்குண்டு என்று 1894-ல் அறிக்கை எழுதிற்று. இதை நாம் மறைத்துப் பேசினால் பிள்ளைகள் தாமே படித்தறிந்து நம்மை மடக்குவார்கள். பிறகு நாம் சொல்லும் மற்றவற்றையும் நம்பமாட்டார்கள். ஆனால் வைத்தியர் நோயையும் நோயாளியையும் பார்த்துச் சுண்டைக்காயளவு என்று கொடுத்த லேகியம் வேறு; செய்தவனுக்கே வீரியம் தெரியாத ஒரு தட்டுப் பண்டம் வேறு. லேகியத்தைக் காட்டி வாதிப்போர் மற்றொன்றையும் கவனிக்கவேண்டும். மருந்து விதிகளில் சித்த மருத்துவத்து நச்சுச் சரக்குகளின் பட்டியலில் எட்டி, ஊமத்தை, அலரி இவற்றின் வரிசையிலேதான் கஞ்சாவும் நிற்கிறது.

தேக விஷயத்துக்கு வருவோம். கஞ்சாவில் மதியை மயக்கும் சத்தை 1964-ல் இஸ்ரேல் தேசத்து ரஃபேல் மெக்கூலம், யெகியேல் காவோனி என்னும் இரு ரசாயன பண்டிதர்கள் பிரித்தெடுத்துக் காட்டினர். டி.எச்.சி. என்று அதைச் சுருக்கிச் சொல்வர். பச்சைச் செடியில் அது பெரும்பாலும் அமில ரூபத்தில் லாகிரியின்றிக் கிடக்கிறது. சூடுபட்ட பிறகே போதை தருவதாகிறது. நீரிற் கரையாது, கொழுப்பிற் கரையும். முன்னோர் நெய்யையும் பாலையும் நாடிய காரணம் இதுவே.

புகைத்தால் சில நிமிஷங்களில் மயக்கம் தெரிந்துவிடும்; நிறுத்திக்கொள்ள இடமுண்டு. தின்றாலோ அரைமணி முதல் இரண்டு மணி நேரம்வரை ஒன்றும் தெரியாது. இதற்கிடையில் அச்சத்து ஈரலுக்குச் சென்று, மூளைக்குள் இன்னும் எளிதாய்ப் புகும் வேறொரு பொருளாக மாறுகிறது. ஆறு, எட்டு மணி நேரம், சில சமயம் அதற்கு மேலும், இறங்காது. வீட்டில் செய்யும்போது செடிக்குச் செடி வீரியம் வேறுபடும். நெய்யும் மாவில் ஒரே சீராய்க் கலவாது. ஒரே தட்டில் வெட்டிய வில்லைகளில் ஒன்று சப்பென்றிருக்க, பக்கத்து வில்லை ஆளையே சாய்த்துவிடும்.

அமெரிக்காவில் கொலராடோ மாகாணம் 2014 ஜனவரியில் இதன் விற்பனையைச் சட்டபூர்வமாக்கிற்று. அவ்வாண்டு மார்ச்சிலேயே டென்வர் நகரில் 19 வயது வாலிபன் ஒருவன், கடையில் வாங்கிய பிஸ்கட்டில் ஆறிலொரு பங்கு மட்டும் தின்னும்படி சொல்லப்பட்டான். அப்படியே தின்றான். ஒரு மணிக்குள் ஒன்றும் தெரியவில்லையென்று மிச்சத்தையும் தின்றுவிட்டான். சில மணி நேரத்தில் சித்தம் கலங்கி நான்காம் மாடியிலிருந்து குதித்து மாண்டான். பிஸ்கட் முழுவதிலும் இருந்த சத்து 65 மில்லிகிராம். அளவு குறித்துச் சீட்டு ஒட்டி விற்ற பண்டத்தின் கதை இது. சீட்டே இல்லாத வீட்டுப் பண்டத்தைப் பற்றி நாம் அதிகம் சொல்ல வேண்டியதில்லை.

குழந்தைகளின் ஆபத்து இதனினும் பெரிது. குளிர்சாதனப் பெட்டியில் இனிப்பிருந்தால் நாலு வயதுப் பேரன் யாரையும் கேட்டா தின்பான்? சிறு பிள்ளைக்குத் தள்ளாட்டமும், தட்டி எழுப்பினாலும் தெளியாத தூக்கமும் உண்டாகும். சில வேளை மூச்சே தளரும்.

இனிச் சட்டம். 1985-ம் வருஷத்துப் போதைப்பொருள் சட்டம், கஞ்சாவின் பூங்கதிரை மட்டுமன்றி, அதைக் கலந்து செய்த எந்தக் கலவையையும் பானத்தையும் அப்பெயரிலேயே அடக்குகிறது. மாவும் சர்க்கரையும் சேர்த்துவிட்டதால் பெயர் மாறாது. எடை போடுகையில் கலப்புப் பொருளையும் சேர்த்தே நிறுக்க வேண்டுமென்று ஹீரா சிங் வழக்கில் 2020-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. ஒரு கிலோவுக்கு உட்பட்ட சிறு அளவுக்கே ஓராண்டுவரை கடுங்காவல், அல்லது பதினாயிரம் ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். மாடித் தொட்டியில் செடி வளர்த்தாலோ பத்தாண்டுவரை செல்லும். வீட்டுக்காரர் தெரிந்தே இடங்கொடுத்தால் அவரும் அக்குற்றத்துக்குரிய தண்டனைக்கு உள்ளாவார். ‘பையன் அறையில் என்னவோ செய்கிறான், நமக்கென்ன’ என்று கண்டுங்காணாதிருக்கும் தகப்பனார்கள் இதைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

நம் குடும்பங்களில் இத்தகைய சங்கதி வெளிப்பட்டால் முதலில் எழுவது மானக்கேடு என்ற பயமே. வரன் பார்க்கும் வீடாயின் சொல்லவே வேண்டாம். அப்பயத்தினால், மயங்கிக் கிடக்கும் பிள்ளைக்கு மோரையும் எலுமிச்சைச் சாற்றையும் புகட்டிக் கதவைச் சாத்திவைப்பது கொடிய காரியம். நினைவில்லாதவன் வாயில் எதையும் ஊற்றலாகாது. ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-க்குச் சொல்லியனுப்புங்கள். என்ன தின்றான், எப்போது தின்றான் என்பதை டாக்டரிடம் ஒளியாது கூறுங்கள். மிச்சமிருந்தால் அதையும் காட்டுங்கள்.

பழக்கமாகிவிட்டவர்களுக்கும் வழியுண்டு. சிறு அளவோடு அகப்பட்டவனோ, உட்கொண்டதாகக் குற்றம் சாட்டப்பட்டவனோ அடிமைப்பட்டவனாயிருந்து, தானே முன்வந்து அரசாங்கம் அங்கீகரித்த இடத்தில் சிகிச்சையை முற்றும் பெற்றால், வழக்கிலிருந்து விலக்களிக்க அதே சட்டத்தின் 64-ஏ பிரிவு இடந்தருகிறது. சிகிச்சைக்கு நாம் நெடுந்தூரம் போகவேண்டியதுமில்லை. 1980-ல் தோன்றிய டி.டி. ரங்கநாதன் ஆராய்ச்சி நிலையத்தாரின் டி.டி.கே. மருத்துவமனை இங்கிருந்து சிறிது தூரத்தில், அடையாறு இந்திரா நகரிலேயே இருக்கிறது. தனியே போகக் கூசுவோர் சங்கக் காரியதரிசியிடம் சொன்னால், நம்மில் ஒருவர் கூடவே வருவோம். பெயர் எந்தக் குறிப்பேட்டிலும் ஏறாது.