பழைய ஆர்மோனியத்தின் விலை

யாழ்ப்பாணக் குடாநாட்டின் பழைய வீடுகள் சிலவற்றிலே, சுவாமி அறையின் ஒரு மூலையிலோ பெட்டகத்தின் மேலோ, துணியால் மூடப்பட்ட ஆர்மோனியம் ஒன்று இருப்பதைக் காணலாம். வீட்டின் பெரியவர் ஒருகாலத்தில் அதனை வாசித்திருப்பார். பிள்ளைகள் கடல் கடந்து சென்றிருப்பர். வீட்டை விற்கவோ பூட்டவோ வேண்டிய நாள் வரும்போது, இப்பெட்டிக்கு என்ன விலை சொல்வது என்ற கேள்வி எழுகின்றது. விற்பவருக்கு அதன் பெறுமதி தெரியாது. வாங்குபவருக்கோ அதன் குறைகள் தெரியா. செய்தவரைக் கேட்டறியலாம் என்றால், செய்த தொழிற்சாலை மூடப்பட்டுப் பல்லாண்டுகள் ஆகிவிட்டன. ஆகவே வாத்தியத்தையே கேட்டு விலையை அறிய வேண்டியிருக்கிறது. அவ்வாறு கேட்கும் முறையை விளக்குவதே இப்பேச்சின் நோக்கமாகும்.

ஆர்மோனியம் நம் நாட்டில் பிறந்த கருவி அன்று. பாரிசு நகரில் அலெக்சாந்தர் டெபேன் என்பவர் 1840ஆம் ஆண்டளவில் இதற்கு உருவம் கொடுத்தார். காலால் மிதித்து வாசிக்கும் பெரிய பெட்டியாகவே அது முதலில் இந்தியாவுக்கு வந்தது. தரையில் அமர்ந்து, ஒரு கையால் துருத்தியை இயக்கி, மறு கையால் வாசிக்கத்தக்க சிறிய பெட்டியாக அதனை மாற்றியமைத்தவர்களுள் கல்கத்தாவைச் சேர்ந்த துவாரகநாத் கோஷ் முதன்மையானவர். பெட்டி இந்தியாவில் செய்யப்பட்ட போதிலும், அதன் உயிராகிய ரீடுகள் நெடுங்காலம் ஐரோப்பாவிலிருந்தே வந்தன. பாரிசின் காஸ்ரியேல் நிறுவனத்து ரீடுகளும் ஜெர்மன் ரீடுகளும் வாசிப்போரிடையே பெரும் பெயர் பெற்றிருந்தன. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியோடு அவ்வரத்து ஒடுங்கியது. காஸ்ரியேல் நிறுவனமும் இன்று இல்லை. பின்னர் குஜராத் மாநிலத்துப் பாலிதானா என்னும் ஊர் ரீடு செய்யும் தொழிலிற் பெயர் பெற்றது.

யாழ்ப்பாணத்துக்கு இக்கருவியை நெருக்கமாக்கியது நாடக மேடையே எனலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி தொடக்கம் தென்னிந்திய நாடகக் குழுக்கள் இங்கு வந்து கொட்டகைகளில் ஆடின. அவற்றைப் பின்பற்றி இசை நாடகம் இம்மண்ணிலே வேரூன்றியது. நடிகமணி வி. வி. வைரமுத்து போன்ற கலைஞர்கள் கோயில் வீதிகளில் விடிய விடியப் பாடி நடித்தபோது, மேடையின் ஓரத்தில் ஆர்மோனியமும் மிருதங்கமும் இருந்தன. பாடகர் எந்தச் சுருதியிற் பாடுகிறார் என்பதை ‘ஒரு கட்டை’, ‘ஐந்தரைக் கட்டை’ என்று நாம் சொல்லும் வழக்கமும் ஆர்மோனியத்தின் கட்டைகளை எண்ணிப் பிறந்ததே. கமகங்களை முழுமையாகக் காட்ட இயலாதது என்ற காரணத்தால், அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை இக்கருவியை விலக்கி வைத்திருந்தது. எனினும் நாடக மேடையும் பசனை மடமும் அதனைக் கைவிடவில்லை.

1970 முதல் 1977 வரை இலங்கையில் இறக்குமதிக் கட்டுப்பாடு கடுமையாக இருந்தது. அதன்பின் போர்க்காலம் வந்தது. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஒரே நாளில் வீடுகளை விட்டுப் புறப்பட்டபோது, கையில் எடுத்துச் செல்லக் கூடியவை மிகச் சிலவே. ஆகையால் இன்று குடாநாட்டில் எஞ்சியிருக்கும் பழைய ஆர்மோனியம் ஒவ்வொன்றும் பல இடர்களைக் கடந்து வந்த பொருளாகும்.

இனி, அத்தகைய ஒன்றை வாங்கச் செல்பவர் எதனைப் பார்க்க வேண்டும்? பலர் முதலிற் பார்ப்பது முகப்பிலுள்ள பெயர்த் தகட்டை. அடுத்துப் பார்ப்பது மரத்தின் மினுக்கத்தை. இரண்டும் ஏமாற்றக் கூடியவை. தகட்டை ஒரு பெட்டியிலிருந்து கழற்றி மற்றொன்றில் அறைய இரண்டு ஆணி போதும். மினுக்கமோ ஒரு நாள் வேலை.

முதலிற் சோதிக்க வேண்டியது துருத்தி. அதனை இயக்கி உள்ளே காற்றை நிறைத்து, பின்னர் கையை எடுத்துவிட்டு, ஒரே கட்டையை அழுத்திப் பிடிக்க வேண்டும். நாதம் நெடுநேரம் சீராக நிற்குமாயின் துருத்தி நலமாக இருக்கிறது. விரைவில் மெலிந்து நின்றுவிட்டால், தோலிலோ மூட்டிலோ காற்று கசிகின்றது. எக்கட்டையையும் அழுத்தாதபோதே ஒரு சுரம் முனகுமாயின், அக்கட்டையின் கீழுள்ள மூடி சரியாகப் பொருந்தவில்லை என்பது பொருள். மாரி காலத்து ஈரமும் எலியும் பூச்சியும் நம் ஊரில் தோலுக்குப் பகை. ஆனால் தோல், கம்பளித் துண்டு, வில்லுக் கம்பி ஆகியவற்றைத் தேர்ந்த தொழிலாளி மாற்றித் தந்துவிடுவார். இக்குறைகளுக்காக வாங்குபவர் விலையைக் குறைக்கலாம். வாத்தியத்தையே தள்ள வேண்டியதில்லை.

இரண்டாவது, ரீடுகள். ரீடு என்பது பித்தளைச் சட்டமொன்றில் பொருத்தப்பட்ட மெல்லிய பித்தளை நாக்கு. காற்று செல்லும்போது அது துடித்து நாதம் தருகிறது. மூன்று ஸ்தாயி கொண்ட பெட்டியிலே 37 கட்டைகள் இருக்கும். இரட்டை ரீடு வரிசையாயின் நாக்குகள் 74 ஆகும். ஒவ்வொரு கட்டையையும் முதலில் மென்மையாகவும் பின்னர் பலமாகவும் வாசித்துக் கேட்க வேண்டும். மெல்லிய காற்றிலேயே தயங்காது பேசுவது நல்ல ரீடு. இரைச்சலோடு பேசினால் தூசி அடைத்திருக்கலாம். அது எளிதில் நீங்கும். தேய்த்துத் துடைத்த பின்னரும் சுரம் தானாக இறங்கிக்கொண்டே போனால், நாக்கின் அடியில் வெடிப்பு விழுந்திருக்கக் கூடும். அதற்கு மருந்து இல்லை; வேறு ரீடுதான் வேண்டும்.

மூன்றாவதாக, விற்பவரின் அனுமதியுடன் மேற்பலகையைத் திறந்து பார்ப்பது நன்று. நாக்கின் நுனியில் அரத்தாற் சுரண்டினால் சுரம் ஏறும். அடியிற் சுரண்டினால் இறங்கும். சுருதி சேர்க்கும் முறை இதுவே. ஒவ்வொரு முறையும் உலோகத்திற் சிறிது போய்விடுகிறது. கவனமின்றிப் பலமுறை சுரண்டப்பட்ட நாக்கிலே கீறல்கள் தெளிவாகத் தெரியும். எல்லா ரீடுகளும் ஒரே நிறமும் ஒரே வேலைப்பாடும் உடையனவா என்றும் பார்க்க வேண்டும். இடையிடையே புதியன சேர்ந்திருந்தால், அச்சுரங்களின் குரல் மற்றவற்றோடு இசையாது ஒலிப்பதைக் காதும் உறுதி செய்யும்.

நான்காவது, சுருதி. பிரான்சு அரசு 1859ஆம் ஆண்டில் நிர்ணயித்த அளவின்படி, நமது ஆறாம் கட்டைச் சுரம் வினாடிக்கு 435 முறை துடிக்க வேண்டும். இன்று உலகெங்கும் வழங்குவது 1939ஆம் ஆண்டு இலண்டன் மாநாட்டில் ஏற்கப்பட்ட 440. இவற்றின் வேறுபாடு அரைச் சுரத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. ஆகையால் பழைய பெட்டி ஒன்று இக்காலத்து மின்விசைக் கருவியோடு சேரவில்லை என்றால், அது பழுதானது என்று முடிவு செய்தல் தவறு. பாட்டுக்கும் மிருதங்கத்துக்கும் மட்டும் வாசிப்பவருக்கு அதனால் இடர் ஏதும் இல்லை. 440க்கு உயர்த்துவதென்றால் ஒவ்வொரு நாக்கையும் சுரண்ட வேண்டும். தேவையின்றி அதனைச் செய்விப்பவர் தம் பொருளைத் தாமே தேய்க்கிறார்.

மரத்தைக் கடைசியிற் பார்க்கலாம். நல்ல தேக்கு கறையானுக்கு எளிதில் இடங்கொடாது. எனினும் ரீடுகள் பொருந்தியுள்ள உட்பலகை வெடித்திருந்தால், வெளிப்பெட்டி எவ்வளவு அழகாயிருந்தும் பயன் குறைவு.

இச்சோதனைகள் முடிந்த பின்னரே விலை பேசத் தகும். இதே அளவுள்ள நல்ல புதிய ஆர்மோனியம் இன்று என்ன விலைக்குக் கிடைக்கின்றது என்பதை முதலில் அறிய வேண்டும். பின்னர், பழையதைத் திருத்தத் தொழிலாளி கேட்கும் கூலியைக் கணக்கிட வேண்டும். ரீடுகள் முழுமையாகவும் மூலமாகவும் இருந்தால், கூலியைக் கழித்த பின்னரும் பழையது புதியதற்கு ஈடாக நிற்கலாம். சிலவேளை அதனை விஞ்சவும் கூடும். ரீடுகள் பாதி மாற்றப்பட்டிருந்தால், எத்தகைய பெயர்த் தகடு இருந்தாலும் அது சாதாரணப் பெட்டியே.

இங்கு நியாயம் பற்றிய கேள்வி ஒன்றும் உண்டு. பழைய பெட்டிகளை மலிவாக வாங்கி, ரீடுகளைக் கழற்றிப் புதிய பெட்டிகளிற் பொருத்தி, மரத்தை விறகாக்கும் வழக்கம் வியாபாரத்தில் இருக்கின்றது. முழு வாத்தியமாகத் திருத்தக் கூடிய ஒன்றை இவ்வாறு சிதைத்தால், அதனை மீண்டும் ஆக்க அந்தப் பழைய தொழிற்சாலை இல்லை. அவ்வாறே, நல்ல ரீடுகளைக் கண்டும் காணாதவர்போல் இருந்து, அறியாத ஒரு மூதாட்டியிடம் பழைய பலகையின் விலைக்கு வாங்குவது சாமர்த்தியமாகத் தோன்றலாம், அது நேர்மையாகாது. தாம் கண்டதை விற்பவருக்கும் சொல்லி விலை பேசுபவர் சில ஆயிரம் ரூபாய் கூடுதலாகக் கொடுக்க நேரும். ஆயினும் அந்த வாத்தியத்தை யார் வாசித்தார், எந்த மேடையில் வாசித்தார், கடைசியாக யார் சுருதி சேர்த்தார் என்ற விவரங்களை அவரே கேட்டறிய முடியும். அவ்விவரங்களை ஒரு தாளில் எழுதிப் பெட்டியின் உள்ளே வைப்பது நல்லது. அடுத்து அதனைத் திறக்கும் தொழிலாளிக்கு அது வழிகாட்டும்.

விற்க எண்ணுவோரும் ஒன்றைச் செய்யலாம். விலை கேட்பதற்கு முன்னர், வாசிக்கத் தெரிந்த ஒருவரை வீட்டுக்கு அழைத்து, துணியை நீக்கி, ஒருமுறை வாசித்துக் காட்டச் சொல்லலாம். அதன் பெறுமதி அப்போது ஓரளவு விளங்கும். விற்காமலே வைத்திருக்க வேண்டும் என்ற எண்ணமும் சில வீடுகளில் அப்போது பிறக்கலாம்.