குழாய் முன்னால், அனுமதி பின்னால்

(மாணவர் வாசிப்பு வட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



ஒரு திட்டத்துக்கு 'அரசு ஒப்புதல் அளித்தது' என்று செய்தித்தாளில் படிக்கிறோம். யாரோ ஒரு அதிகாரி கோப்பைப் பிரித்து, நல்லது கெட்டது பார்த்து, கையெழுத்துப் போட்டார் என்று ஒரு படம் மனசுக்குள்ள வருது. நான் வங்கியில் எழுத்தர். கோப்பு எப்படி நகரும் என்று கொஞ்சம் தெரியும். பெரிய ஆளுடைய கோப்பில் கையெழுத்து என்பது கடைசியில் நடக்கிற சடங்கு. அதற்கு முன்னாலேயே பணம் போயிருக்கும், தேதி குறித்திருக்கும், குழி தோண்டியிருக்கும். இன்று நான் பேசப்போவது அமெரிக்காவில் போட்ட 'டக்கோட்டா ஆக்சஸ்' என்ற எண்ணெய்க் குழாயைப் பற்றி. வடக்கு டக்கோட்டாவின் பாக்கன் எண்ணெய் வயலிலிருந்து நாலு மாநிலம் கடந்து இல்லினாய் வரைக்கும் 1,172 மைல். 380 கோடி டாலர் செலவு.

முதலில் பெயரைப் பாருங்க. டக்கோட்டா என்றால் அந்த மக்களுடைய மொழியில் நண்பன், கூட்டாளி. நம் பாடப்புத்தகம் அவர்களைச் செவ்விந்தியர் என்றது. வெள்ளையர்கள் சூ என்றார்கள். அவர்கள் தங்களைச் சொல்லிக்கொள்வது லக்கோட்டா, டக்கோட்டா என்று. நம்மை ஹரிஜன் என்று கூப்பிட்ட கதைதான். அடுத்தவன் வைத்த பெயரில் வாழ வைத்துவிட்டு, அவர்கள் சொந்தப் பெயரை எடுத்துக் குழாய்க்கு வைத்தார்கள்.

அந்தக் குழாய் மிசூரி ஆற்றை எங்கே கடக்க வேண்டும்? ஆரம்பத்தில் பிஸ்மார்க் நகரத்துக்கு வடக்கே கடப்பதாக ஒரு வழி பார்த்தார்கள். மாநிலத் தலைநகரம் அது. அப்போது அங்கே 100க்குச் சுமார் 90 பேர் வெள்ளையர். அந்த வழி கைவிடப்பட்டது. தூரம் கூடுதல், குறுக்கிடும் ஓடைகள் அதிகம் என்று பல காரணம் சொன்னார்கள். அந்தப் பட்டியலில் நகரத்தின் குடிநீர்க் கிணறுகளுக்கு அருகில் போகிறது என்பதும் இருந்தது. பிறகு வழி தெற்கே நகர்ந்து, ஸ்டாண்டிங் ராக் பழங்குடிகளின் ஒதுக்கு நிலத்துக்கு வடக்கெல்லையில், நீரோட்டத்துக்கு மேல்பக்கமாக, ஓஹே ஏரிக்கு அடியில் வந்து நின்றது. குழாய் உடைந்தால் எண்ணெய் போய்ச் சேருவது அவர்கள் குடிக்கிற தண்ணீரில். ஊருக்கு ஆகாதது சேரிக்கு ஆகும் என்பதை விளக்க உங்களுக்கு நான் தேவையில்லை.

அந்த ஏரியே ஒரு கதை. அது இயற்கையான ஏரி இல்லை. 1944ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் ராணுவப் பொறியாளர் படை மிசூரியின் குறுக்கே ஓஹே அணையைக் கட்டியது. ஸ்டாண்டிங் ராக் மக்களின் நிலத்தில் சுமார் 56,000 ஏக்கர் மூழ்கியது. ஆற்றங்கரை வளமான மண், விறகு, மூலிகை, வீடு எல்லாம் போச்சு. அதற்கு முன்னாலே, 1868 ஒப்பந்தத்தில் அவர்களுக்கென்று எழுதிக் கொடுத்த கருங்குன்றுகளைத் தங்கம் கிடைத்ததும் 1877இல் பிடுங்கிக்கொண்டார்கள். அது அநியாயம் என்று 1980இல் உச்ச நீதிமன்றமே சொல்லி, நட்டஈடு தரச் சொன்னது. பணம் வேண்டாம், மலையைக் கொடு என்று அந்த மக்கள் இன்றுவரை அதைத் தொடவில்லை. வட்டியோடு அது நூறு கோடி டாலரைத் தாண்டிவிட்டது. வட்டிக் கணக்குப் போட்டே வயிறு வளர்க்கிற எனக்கு இது ஒரு தனி மரியாதையை உண்டாக்குகிறது.

2016இல் குழாய்க்கு ஒப்புதல் தர வேண்டிய இடத்தில் இருந்ததும் அதே ராணுவப் பொறியாளர் படைதான்.

ஒப்புதல் எப்படி வந்தது? குழாய் பெரும்பாலும் தனியார் நிலத்தில் போகிறது, மத்திய அரசின் அதிகாரம் ஆறு, ஓடை கடக்கும் இடங்களில் மட்டும் என்று வைத்துக்கொண்டார்கள். 'தேசிய அனுமதி எண் 12' என்று ஒரு குறுக்கு வழி உண்டு. அதில் ஒவ்வொரு கடப்பும் தனித்தனிச் சின்ன வேலை. 1,172 மைல் குழாயைத் துண்டு துண்டாக நறுக்கிவிட்டால் எந்தத் துண்டும் ஆபத்தாகத் தெரியாது. ஆற்றுக் கடப்பைப் பற்றிய சுற்றுச்சூழல் அறிக்கையின் வரைவைத் தயாரித்ததே கம்பெனிதான். அதில் யார் பாதிக்கப்படுவார்கள் என்று பார்க்க, கடக்கும் இடத்தைச் சுற்றி அரை மைல் வட்டம் போட்டார்கள். ஒதுக்கு நிலம் 0.55 மைல் தூரத்தில் இருக்கு. ஐந்து நூற்றில் ஒரு பங்கு மைல், எண்பது மீட்டர். அவ்வளவுதான், ஒரு மக்கள்கூட்டம் கணக்கிலிருந்தே காணாமல் போய்விட்டது. சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையும் உள்துறையும் கேள்வி கேட்டுக் கடிதம் எழுதின. 2016 ஜூலையில், குறிப்பிடும்படியான பாதிப்பு இல்லை என்று படை எழுதிவிட்டது.

இனி பணம். 17 வங்கிகள் சேர்ந்து 250 கோடி டாலர் கடன். ஒரு பகுதி உடனே, மீதி ஆற்றைக் கடக்க அனுமதி வந்தபின். எண்ணெய் அனுப்புகிறவர்களோடு போட்ட ஒப்பந்தத்தில் 2017 ஜனவரி 1 என்ற கெடு. அந்தத் தேதி தாண்டினால் அவர்கள் விலகிக்கொள்ளலாம். இந்தத் தேதியைப் போட்டது யார்? கம்பெனியே போட்டுக்கொண்டது. அப்புறம் நீதிமன்றத்தில் போய், தாமதமானால் எங்களுக்கு இத்தனை கோடி நட்டம் என்று அதே தேதியைக் காட்டுகிறது. ஆற்றின் இரண்டு கரை வரைக்கும் குழாயைப் புதைத்தாகிவிட்டது. 'இவ்வளவும் முடிந்தபிறகு நிறுத்துவதா?' இதுதான் அரசியல் நெருக்கடியின் உண்மையான வடிவம். எங்கள் மாதிரிக் கிளையில் ஆடு வாங்கக் கடன் வாங்கியவர் ஒரு தவணை தவறினால் ஆட்டைப் பிடிக்க ஆள் போகும். கடன் கோடிக்கணக்கில் இருந்தால், கடன்காரருடைய அவசரம் வங்கியின் அவசரமாகி, பிறகு நாட்டின் அவசரமாகவும் ஆகிவிடும்.

நெருக்கியது முதலாளிகள் மட்டுமில்லை. இதையும் மறைக்காமல் பேசணும். அமெரிக்காவின் பெரிய தொழிற்சங்கக் கூட்டமைப்பான ஏ.எஃப்.எல்.-சி.ஐ.ஓ. 2016 செப்டம்பரில் குழாயை ஆதரித்து அறிக்கை விட்டது. கட்டுமானத் தொழிலாளர்களுக்கு வேலை என்பது வாதம். செவிலியர் சங்கம் எதிர்த்தது. வர்க்கம் என்று ஒற்றைச் சொல்லில் எல்லாவற்றையும் கரைத்துவிடும் தோழர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்கலாம். நாட்டின் எரிபொருள் சுயசார்பு என்று இன்னொரு வாதம். 2015 டிசம்பரில்தான் கச்சா எண்ணெய் ஏற்றுமதிக்கு நாற்பது வருஷமாக இருந்த தடையை நீக்கினார்கள்!

2016 ஏப்ரலில் ஒரு பழங்குடிப் பெண்ணின் நிலத்தில் முதல் கூடாரம் போட்டார்கள். 'தண்ணீரே உயிர்' என்பதுதான் முழக்கம். நூற்றுக்கணக்கான பழங்குடி இனங்களின் ஆட்கள் வந்து சேர, கூடாரங்கள் ஆயிரக்கணக்கில் பெருகின. செப்டம்பர் 3ஆம் தேதி தனியார் காவல் ஆட்கள் நாயை ஏவினார்கள். நவம்பர் 20 இரவு, உறைபனிக் குளிரில், போலீஸ் மக்கள்மேல் தண்ணீர் பீய்ச்சியது. தண்ணீருக்காக நின்றவர்களைத் தண்ணீராலேயே அடித்தார்கள். டிசம்பர் 4 அன்று, ஏரிக்கு அடியில் போக வழி உரிமை தர மாட்டோம், வேறு பாதை ஆராய வேண்டும் என்று ஒபாமா அரசின் ராணுவத் துறை அறிவித்தது. அதுவும் தேர்தல் முடிந்து, பதவி போகும் நேரத்தில். அதற்கு முன்னாலே எட்டு மாதம் இந்தப் பக்கமும் இல்லாமல் அந்தப் பக்கமும் இல்லாமல் நின்றவர்கள்தான் அவர்கள்.

2017 ஜனவரி 24. டிரம்ப் பதவியேற்ற நாலாவது நாள், சீக்கிரம் முடியுங்கள் என்று குறிப்பாணை. குழாய்க் கம்பெனியில் அவரே பங்கு வைத்திருந்தவர். அதன் தலைவர் கெல்சி வாரன் அவருடைய தேர்தலுக்கு நன்கொடை கொடுத்தவர். அவருடைய எரிசக்தி அமைச்சர் ரிக் பெர்ரி அந்தக் கம்பெனியின் இயக்குநர் குழுவில் இருந்தவர். பிப்ரவரி 8 அன்று வழி உரிமை வழங்கப்பட்டது. தொடங்கியிருந்த விரிவான ஆய்வு பாதியில் கைவிடப்பட்டது. ஜூன் 1 முதல் எண்ணெய் ஓடியது.

இரண்டு வாரம் கழித்து நீதிபதி போஸ்பர்க் தீர்ப்புச் சொன்னார். எண்ணெய் கசிந்தால் அந்த மக்களின் மீன்பிடி, வேட்டை உரிமைகளுக்கு என்ன ஆகும் என்பதைப் படை சரியாகப் பார்க்கவில்லை, அந்த அரை மைல் வட்டத்துக்கு நியாயம் சொல்லவில்லை என்றார். ஆனால் குழாயை மூடச் சொல்லவில்லை. 2020 ஜூலையில் மூடச் சொன்னார். மேல்முறையீட்டு நீதிமன்றம் அடுத்த மாதமே அதைத் தடுத்தது. 2021 ஜனவரியில் அதே மேல் நீதிமன்றம், வழி உரிமை கொடுத்தது சட்டப்படி செல்லாது என்று உறுதி செய்தது. ஆக, அரசு நிலத்துக்கு அடியில் உரிமை இல்லாமல் குழாய். படையே அதை ஆக்கிரமிப்பு என்றுதான் குறிப்பிட்டது. பைடன் வந்தார், அவரும் மூடவில்லை. புறம்போக்கில் குடிசை போட்டவனுக்கு ஆக்கிரமிப்பு என்றால் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியும். இந்த ஆக்கிரமிப்பில் ஆண்டுக்கணக்காக, நாளுக்குப் பல லட்சம் பீப்பாய் எண்ணெய் ஓடியது. போராட்டத்தை ஆதரித்த கிரீன்பீஸ் அமைப்பின்மேல் கம்பெனி போட்ட வழக்கில்தான் 2025 மார்ச்சில் ஒரு ஜூரி 66 கோடி டாலருக்கும் மேல் கட்டச் சொன்னது. பிறகு நீதிபதி அதை ஏறக்குறையப் பாதியாகக் குறைத்தார்.

வங்கிக்காரன் என்பதால் ஒன்று சொல்லணும். வாடிக்கையாளர்கள் கணக்கை மூடினார்கள். சியாட்டில் நகரசபை கடன் கொடுத்த வங்கிகளில் ஒன்றான வெல்ஸ் ஃபார்கோவோடு தன் வரவுசெலவை முடித்துக்கொள்ளத் தீர்மானம் போட்டது. நார்வேயின் டி.என்.பி., நெதர்லாந்தின் ஐ.என்.ஜி., பிரான்சின் பி.என்.பி. பரிபா ஆகிய மூன்று வங்கிகள் 2017இல் தங்கள் கடன் பங்கை விற்றுவிட்டு வெளியேறின. குழாய் நிற்கவில்லை என்பது உண்மை. கடன் எங்கிருந்து வருகிறது என்று தேடிப் போனவர்கள் சரியான கதவைத்தான் தட்டினார்கள் என்பதும் உண்மை.

2017 ஜூன் தீர்ப்பு 91 பக்கம். அந்த அரை மைல் வட்டத்தைப் பற்றிய பகுதி சில பக்கம்தான். சட்டம் படிக்கிற தோழர்கள் இரண்டு பேர் உட்கார்ந்தால் தமிழில் கொண்டுவந்துவிடலாம். அடுத்த மாதக் கூட்டத்துக்கு முன்னால் முடித்துக் கொடுத்தால் சுற்றுக்கு விடலாம். தட்டச்சு வேலையை நான் பார்த்துக்கிறேன்.