ஓராண்டுப் படிப்பின் வரவு செலவு

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



ஆண்டுதோறும் இம்மேடையில் கற்றறிந்தோர் பேசக் கேட்டிருக்கிறோம். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டு, நாகபுரி பார்சல் ஆபீசில் ரசீது எழுதிக் காலங்கழிக்கும் ஒரு குமாஸ்தாவை இவ்வாண்டு பேச அழைத்ததற்குக் காரணம், சென்ற ஆண்டு நாமே வலியத் தேடிக்கொண்ட ஒரு கடன். அதை அடைத்தோமா என்று கணக்குக் காட்டவே வந்திருக்கிறோம். பேச்சில் ‘நான்’ என்று வாராமல் ‘நாம்’ என்று வருவதைப் பெருமைக்காகச் சொல்வதாகக் கொள்ள வேண்டா. எம் வீட்டில் படித்தவர் ஒருவர், கேட்டவர் ஒருவர். இருவர்க்கும் கணக்கில் பங்குண்டு.

கடந்த 2024 ஜனவரியில் ஆண்டு விழா முடிந்து பொதுக்குழு கூடியபோது, இம்மண்டபத்தின் மூலையில் நிற்கும் புத்தக அலமாரியைப் பற்றிப் பேச்சு எழுந்தது பலருக்கும் நினைவிருக்கும். ஒலிபெருக்கிப் பெட்டிகளும் நாற்காலிகளும் வைக்க இடம் போதவில்லை. அலமாரியைத் திறப்பாரும் இல்லை. ஆகவே நூல்களைப் பழைய காகிதக்காரரிடம் நிறுத்துப் போட்டுவிட்டு இடத்தைக் காலி செய்யலாம் என்பது யோசனை. நாம் எழுந்து மிக்க ஆவேசத்தோடு மறுத்துப் பேசினோம். தமிழ், பண்பாடு, முன்னோர் தேடிய செல்வம் என்று வாய்க்கு வந்த பெரிய சொற்களையெல்லாம் எடுத்து வீசினோம். கைதட்டலும் கிடைத்தது.

அப்போது முன்வரிசையில் இருந்த மூத்தவர் ஒருவர், “தம்பி, நீர் கடைசியாக எடுத்த புத்தகம் எது?” என்று மெதுவாகக் கேட்டார். கேட்டதோடு நில்லாமல், அலமாரியின் அடித்தட்டிலிருந்து வழங்கல் பதிவேட்டையும் எடுத்துவந்து மேசைமேல் விரித்தார். நம் பெயருக்கு நேரே இருந்த கடைசித் தேதி 2011. அந்த நூலையும் எட்டு மாதம் வைத்திருந்து திருப்பியிருக்கிறோம். அதைப் படித்தோமா என்பது இன்றுவரை நினைவுக்கு வரவில்லை.

வெட்கத்தினால் ஒரு வார்த்தை கொடுத்தோம். பிப்ரவரி 1 முதல் ஓராண்டு நாள்தோறும் படிப்போம், கணக்கு வைப்போம், அடுத்த விழாவில் அதைச் சபைமுன் வைப்போம், அதுவரை அலமாரியைத் தொடவேண்டா என்றோம். சபையும் இசைந்தது.

முதற்பிழை அடுத்த நாளே நேர்ந்தது. சபையில் வாய்விட்டோமே என்ற வீம்பினால், அலமாரியில் கனத்ததாகப் பார்த்துச் சிலப்பதிகார உரைநூலை எடுத்துக்கொண்டோம். இரவு டூட்டி முடிந்து காலை ஏழு மணிக்கு வீடு வந்து, குளித்து, நூலைப் பிரித்து உட்கார்ந்தால் இரண்டாம் பக்கத்தில் தலை தொங்கிவிடும். எட்டு நாள் முயன்றோம். புகாரைவிட்டு ஓரடி நகரவில்லை. கோவலனும் கண்ணகியும் நமக்காக அங்கேயே காத்திருந்தார்கள். குற்றம் காப்பியத்துடையது அன்று. பசிக்கும் நேரம் அறியாமல் இலை போட்டவன் குற்றம்.

நூலைத் திருப்பி வைக்கப் போன அன்று பதிவேட்டைச் சும்மா புரட்டினோம். நம் பெயர் இருந்த ஏட்டுக்கு வெகு முன்னால், 1996ஆம் ஆண்டின் பக்கத்தில், எம் தந்தையாரின் கையொப்பம் இருந்தது.

எம் தந்தையார் இதே பார்சல் ஆபீசில் வேலை பார்த்தவர் என்பதும், பணியிலிருக்கும்போதே 2001இல் மறைந்தார் என்பதும், அந்த வகையில்தான் மறு ஆண்டு நமக்கு இங்கே வேலை கிடைத்தது என்பதும் இங்குள்ள பெரியோர் பலர் அறிந்தவை. அவர் நாகபுரியில் தனியே இருந்தார். நாம் தாயாரோடு கும்பகோணத்தில் இருந்தோம். ஆண்டுக்கு ஒரு மாதம் விடுமுறையில் வருவார். மற்ற நாளெல்லாம் ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வாரம் ஓர் இன்லண்டு கடிதம். அதில் பணம் அனுப்பிய விவரமும், பள்ளிக்கூடச் சம்பளமும், மழை உண்டா என்ற கேள்வியும் இருக்கும். புத்தகத்தைப் பற்றி ஒரு வரி எழுதியதில்லை. அவர் படிப்பவர் என்பதே நமக்குத் தெரியாது. நம் கண்ணில் அவர் வெயிலில் கறுத்த, அதிகம் பேசாத ஒரு விருந்தாளி.

பதிவேட்டில் 1996 முதல் 1999 வரை அவர் பெயரில் 41 பதிவுகள் இருந்தன. குமாஸ்தாவின் கண் அல்லவா, தேதிகளைத்தான் முதலில் பார்த்தது. ஏறக்குறைய எல்லாம் இருபத்தொரு நாள் இடைவெளி. சற்று யோசித்தபோது விளங்கிற்று: மூன்று வாரத்துக்கு ஒருமுறை இரவு முறை வரும், அது முடிந்த ஓய்வு நாளில் வந்து ஒன்றைக் கொடுத்து ஒன்றை எடுத்துப் போயிருக்கிறார். ஆண்டுதோறும் நவம்பர் பிற்பகுதியிலிருந்து ஜனவரி வரை பதிவே இல்லை. அது ஆரஞ்சுக் காலம். நாகபுரிப் பார்சல் ஆபீசில் வேலை பார்த்தவர்க்கு அதற்குமேல் விளக்கம் வேண்டா. மே மாதமும் வெறுமை. அது ஊருக்கு, எம்மிடத்துக்கு, வந்த மாதம்.

இனி எந்த நூலைப் படிப்பது என்ற கவலை ஒழிந்தது. அவர் எடுத்தவற்றை எடுப்பதென்று முடிவு செய்தோம்.

அவர் எடுத்த நூல்களுள் தி. ஜானகிராமனின் ‘மோகமுள்’ மூன்று முறை வருகிறது. முதலில் வியப்பாக இருந்தது. படித்தபோது வியப்பு நீங்கிற்று. அக்கதை நடப்பது கும்பகோணத்தில். பாபு என்னும் இளைஞனின் சங்கீதமும், யமுனாவின்மேல் அவன் கொண்ட மோகமும் கதையாகலாம். ஆயினும், இங்கே ஒற்றை அறைக் குவார்ட்டர்ஸில் இருந்தவர் அதில் என்ன தேடியிருப்பார் என்பதை யூகிக்க முடிகிறது. காவிரிக் கரையும் அந்தத் தெருக்களும் அதில் இருக்கின்றன. ஊருக்குப் போக விடுப்பு இல்லாத நாளில் அவர் இருபத்தொரு நாள் ஊரில் இருந்துவிட்டு வந்திருக்கிறார் என்று எண்ணிக்கொண்டோம். இது நம் எண்ணமே ஒழிய, அவர் சொன்னதன்று.

அடுத்தது உ. வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’. இது 1940 முதல் ஆனந்த விகடனில் தொடராக வந்து, 1942இல் ஐயரவர்கள் மறைந்தபோது முற்றுப்பெறாமல் நின்று, 1950இல் நூல் வடிவம் பெற்றது. நம் அலமாரிப் பிரதியில் முதல் பல அத்தியாயங்களைக் கறையான் தின்றுவிட்டது. அப்பகுதியை இணையத்தில் தேடி எடுத்துக் கைப்பேசியில் படித்தோம். கைப்பேசியைப் பழிக்கும் வழக்கம் நம்மவரிடையே மிகுதி; நாமும் பழிப்பவர்தாம். இரவு ஒன்பதரை மணியிலிருந்து அரைமணி நேரம் அதை அரிசி டப்பாவின் மேல் வைத்துவிடுவது எம் வீட்டு விதி. ஆனால் கறையான் தின்றதை மீட்டுத் தந்ததும் அதுவே என்பதைச் சொல்லாமல் விட்டால் கணக்கு நேர்மையாகாது.

அந்நூலில் ஓர் இடத்தைச் சொல்லியே ஆகவேண்டும். 1880ஆம் ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள். கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த ஐயர், அவ்வூருக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசுவாமி முதலியாரைக் காணச் செல்கிறார். என்னென்ன படித்திருக்கிறீர் என்று முதலியார் கேட்க, ஐயர் தாம் கற்ற அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, புராணங்களை அடுக்குகிறார். முதலியார் அசையவில்லை. சீவகசிந்தாமணி படித்ததுண்டா, மணிமேகலை படித்ததுண்டா என்று கேட்கிறார். அவற்றை ஐயர் அதுவரை படித்ததில்லை. அந்தக் கேள்வியிலிருந்து கிளம்பிய உழைப்பினால் 1887இல் சிந்தாமணி அச்சேறிற்று. பின் சங்க நூல்கள் பலவும் வெளிவந்தன. மலையோடு மடுவை ஒப்பிடுகிறோம் என்று நகைக்க வேண்டா. அப்பகுதியைப் படித்த இரவு நம் மூத்தவர் கேட்ட கேள்வி காதில் விழுந்தது, அவ்வளவே.

‘பொன்னியின் செல்வ’னின் ஐந்து பாகங்களைப் பற்றி இங்குள்ளவர்க்குச் சொல்லத் தேவையில்லை. படித்த விதத்தை மட்டும் சொல்கிறோம். எம் மனைவி மறுநாள் சமையலுக்குக் காய் நறுக்கும் நேரத்தில் நாம் உரக்கப் படிப்போம். தொடக்கத்தில் அவர், “பார்சல் ரசீது வாசிப்பதுபோல் இருக்கிறது, நிறுத்தி நிறுத்திப் படியுங்கள்” என்றார். நிறுத்திப் படிக்கக் கற்றோம். நாம் அயர்ந்த நாளில் அவரே நூலை வாங்கிப் படித்தார். காய் நறுக்கும் வேலை நமக்கு வந்தது. குடந்தை சோதிடர் வரும் இடத்தில் அடுத்த அறையிலிருந்து சிரிப்பொலி கேட்டது. எம் மகள்! ஒன்பதாம் வகுப்பு மாணவி. இந்தியும் ஆங்கிலமும் படிப்பாள். தமிழ் பேசுவாள், எழுத்துக் கூட்டத் தெரியாது. இக்குறை எம் வீட்டில் மட்டும் இல்லை என்பது இங்கே அமர்ந்திருப்போர் அறிவர். அன்றுமுதல் அவளும் வந்து உட்கார்ந்தாள்.

நவம்பர் வந்தது, ஆரஞ்சும் வந்தது. கூடையும் பெட்டியுமாகப் பிளாட்பாரம் நிறைந்து, வீடு திரும்பும் நேரம் வரையறையின்றிப் போயிற்று. தந்தையாரின் பதிவேட்டில் இருந்த அதே வெறுமை நம் நோட்டிலும் விழுந்தது. முன்பு அதை எண்ணி வருந்தியிருப்போம். இப்போது, அவரும் நிறுத்தி மறுபடி தொடங்கினவர்தாமே என்ற தைரியம் இருந்தது. ஆனால் மகள் காத்திருக்கவில்லை. வந்தியத்தேவன் என்ன ஆனான் என்று நாலைந்து நாள் கேட்டுப் பார்த்துவிட்டு, கைப்பேசியில் யாரோ படித்துப் பதிவு செய்த ஒலிவடிவத்தைக் கண்டுபிடித்து, மூன்று வாரத்தில் முழுக்கதையும் கேட்டு முடித்துவிட்டாள். பொங்கலுக்குப் பிறகு நாம் நான்காம் பாகத்தைத் திறந்தால், அடுத்து நடப்பதை அவள் சொல்கிறாள். எழுத்து இன்னும் தெரியாது. கதை முழுதும் தெரியும். இதை வரவில் எழுதுவதா, செலவில் எழுதுவதா என்று விளங்காமல் அந்தப் பத்தியை வெறுமையாக விட்டிருக்கிறோம்.

இனிக் கணக்கு. சென்ற பிப்ரவரி 29ஆம் நாளையும் சேர்த்து ஆண்டுக்கு 366 நாள். படித்த நாள் 271. விடுபட்ட நாள் 95. விடுபட்டவற்றில் ஆரஞ்சுக் காலம் பெரும்பகுதி. தாயாருக்குக் கண்புரை அறுவை செய்ய ஊருக்குப் போனது 16 நாள். எஞ்சியவை வெறும் சோம்பல். முடித்த நூல்கள் ஏழு. பாதியில் நிற்பவை இரண்டு. ஒன்று பொன்னியின் செல்வன், மற்றொன்று கோவலனும் கண்ணகியும் காத்திருப்பது. எவ்வளவு அலுப்பான நாளிலும் கைவிடாதிருக்க நான்கு குறள் என்று ஒரு சிறு அளவு வைத்திருந்தோம். தவறாது படித்தால் 1330 குறளும் 333 நாளில் முடியும். 271 நாளில் 1084 ஆயிற்று. அதாவது அறத்துப்பாலும் பொருட்பாலும் கடந்து, காமத்துப்பாலில் நான்கு குறள் உள்ளே வந்து நிற்கிறோம். நாற்பத்துநான்கு வயதில் அங்கே வந்து சேர்ந்தது குறித்து எம் மனைவி ஏதோ சொன்னார். அதைச் சபையில் சொல்வதற்கில்லை.

பார்சல் ஆபீசில் ஒருவர் டூட்டி முடித்து எழும்போது, கைவசம் இருப்பதை எழுதிக் கையொப்பமிட்டு அடுத்தவரிடம் ஒப்படைப்பார். நம் நோட்டும் அவ்வாறே: தேதி, நூல், விட்ட பக்கம், கையொப்பம். வேறு மந்திரம் ஒன்றும் இல்லை. விட்ட பக்கத்தை எழுதி வைத்தால், பத்து நாள் கழித்து வந்தாலும் இடம் கிடைக்கிறது.

சீகாழியில் 1892இல் பிறந்து, கணித ஆசிரியராக இருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகி, நூலகத் துறைக்கே இலக்கணம் வகுத்தவர் எஸ். ஆர். அரங்கநாதன். 1931இல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளில் முதலாவது, நூல் பயன்பாட்டுக்கு உரியது என்பது. நம் அலமாரியோ பல ஆண்டு பூட்டிக் கிடந்தது. சாவி யாரிடம் என்பதிலேயே இரு செயலாளர்களுக்குள் ஐயம் இருந்தது. அதைக் குப்பைக்குப் போடலாம் என்று சொன்னவர்மீது நாம் கொண்ட கோபம் இப்போது பெரிதும் தணிந்துவிட்டது. பூட்டிவைத்துப் போற்றிய நாமும் அதே வேலையைத்தானே, சற்று மரியாதையாக, செய்துவந்தோம்.

இன்று மாலை பொதுக்குழுவில் அலமாரி பற்றிய முடிவு மீண்டும் வருகிறது. நம் விண்ணப்பம் இது. ஞாயிறு காலை பத்து மணி முதல் பன்னிரண்டு வரை அலமாரி திறந்திருக்கட்டும். டூட்டி இல்லாத வாரங்களில் நாம் உட்காருகிறோம். மற்ற வாரங்களுக்கு இருவர் வேண்டும். எழுத்துக் கற்க விரும்பும் பிள்ளைகள் அதே நேரத்தில் வந்தால், சொல்லித்தர எம் மனைவி இசைந்திருக்கிறார். முதல் மாணவி வீட்டிலேயே இருக்கிறாள், வருவாளா என்பது அவள் விருப்பம். கறையான் அரித்த 27 நூல்களின் பட்டியலைப் பதிவேட்டின் உள்ளே செருகி வைத்திருக்கிறோம். ஊருக்குப் போகிறவர்கள் வாங்கிவர இயலுமானால் ஒன்றிரண்டு வாங்கி வரலாம். ஒலிபெருக்கிப் பெட்டிகளை எம் குவார்ட்டர்ஸின் பின்வராந்தாவில் வைத்துக்கொள்ள இடமுண்டு.

பதிவேடும் சாவியும் மேசைமேல் இருக்கின்றன. தந்தையாரின் 41 பதிவுகளில் இன்னும் பல நூல்கள் மீதமிருக்கின்றன. ‘மோகமுள்’ இப்போது நம்மிடம் உள்ளது, இரண்டாம் முறையாக. வரும் ஞாயிறு கொண்டுவந்து வைத்துவிடுகிறோம்; வேண்டுவோர் இன்றே பெயர் எழுதிவைக்கலாம்.